இரண்டு உருளை அழுகை

தெய்வாத்தாள் துணி அறைக் கதவில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, கிழித்த வேட்டியைத் தொடைமேல் உருட்டிக் கட்டுத்துணி உருளை சுற்றுகிறாள் என்றால் உள்ளே ஒரு நர்சு அழுதுகொண்டிருக்கிறாள் என்று பொருள். விவரம் தெரியாதவர் யாராவது கதவைத் தள்ள வந்தால், "உள்ளார பெருச்சாளி கெடக்குதுங்க. போன வாரந்தான் ஒருத்தரு கட்டைவெரலைக் கடிச்சுப்போட்டுது" என்பாள். முகத்தில் ஒரு சுருக்கம் விழாது.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில், பெண்கள் வார்டில் பதினோரு வருஷமாக ஆயா. கையெழுத்துப் போடத் தெரியாது. எந்தத் தப்புக்கு எவ்வளவு அழலாம் என்பது மட்டும் அத்துப்படி. உடைந்த தெர்மாமீட்டருக்கு ஓர் உருளை சுற்றும் நேரம், தவறிய ஊசிக்கு இரண்டு. சுற்றி முடித்ததும் கதவைத் தட்டுவாள்: "மூக்கைச் சிந்திப்போட்டு வாங்க அம்மணி."

அன்றைக்கு ஓடிவந்தவள் பங்காரம்மா. வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். எட்டாம் கட்டிலில் காலையில்தான் ஒருத்தி செத்திருந்தாள். அதில் படுக்கவைத்த இருதய நோயாளி சின்னாத்தாள், செத்த கட்டில் ஆகாது என்று நடுங்கினாள். பக்கத்துக் கட்டிலில் காய்ச்சலோடு கிடந்த கிணத்துக்கடவுப் பெண் பாப்பாயி, தனக்கென்ன பயம் என்று இடம் மாறிப் படுத்துக்கொண்டாள். பங்காரம்மா கட்டில் எண்ணைப் பார்த்து, இருதயத்துக்கான சொட்டு மருந்தைப் பாப்பாயிக்குக் கொடுத்துவிட்டாள். வெறும் தம்ளரோடு நிமிர்ந்தபோதுதான் முகத்தைப் பார்த்தாள்.

தெய்வாத்தாள் அவளைத் துணி அறைக்குள் விடவில்லை. வாசலில் குறுக்கே நின்றாள்.

"இன்னிக்கு அரை உருளைகூடக் கெடையாதுங்க. டாக்டரம்மாகிட்டப் போலாம்."

வேலை போய்விடும், ஊருக்கே அன்னூர் பஸ் ஏறிவிடுகிறேன், நீயே சொல்லிவிடு என்று பங்காரம்மா கெஞ்சினாள்.

"நாஞ் சொன்னா அது கோளுங்க. எத்தனை சொட்டுன்னு உங்களுக்குத்தானுங்களே தெரியும்?"

இழுத்துக்கொண்டு போகவில்லை, தோளோடு தோள் உரச நடந்தாள். பங்காரம்மா சொன்னாள். டாக்டரம்மா திட்டவில்லை, அது இன்னும் மோசம். உப்புத் தண்ணீர் குடிக்கவைத்துப் பாப்பாயியை வாந்தியெடுக்கச் செய்தார். கால் மணிக்கு ஒருதரம் நாடி பார்க்கும் வேலையைப் பங்காரம்மாவிடமே கொடுத்தார். தெய்வாத்தாள் அந்தக் கட்டிலடியைப் பத்துத் தடவை கூட்டினாள். அங்கே குப்பையே இல்லை.

மூன்று மணிக்கு நாடி விட்டுவிட்டுத் துடித்தது. நாலு மணிக்கும் அப்படியே. ஐந்தரைக்குச் சீரானது. பாப்பாயி பசிக்கிறது என்றாள்.

பங்காரம்மா நேரே துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தெய்வாத்தாள் வெளியே உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்தாள். ஓர் உருளை முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. உள்ளே விசும்பல் நிற்கவில்லை. அக்கம்பக்கம் பார்த்தாள். சுற்றி முடித்த உருளையைச் சத்தமில்லாமல் பிரித்து, முதலிலிருந்து சுற்றத் தொடங்கினாள்.