பனிக்கரடியும் தேரிக்காடும்

ஆறாம் வகுப்பில் சமூக அறிவியலுக்கு நான் வாங்கிய மதிப்பெண் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. பனிக்கரடி எங்கே வாழும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வட துருவம் என்று சொல்வேன். அப்படிப்பட்ட அறிவாளியின் கண்ணெதிரே, வளைகுடாப் பாலைவனத்தில் மூன்று வருடம் வண்டி ஓட்டியதாகச் சொல்லிக்கொண்டு, நெஞ்சில் பனிக்கரடிப் படம் தைத்த தடித்த குளிர்ச்சட்டையோடு என் சித்தப்பா வந்து இறங்கினார். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அந்த மீதி இரண்டு மதிப்பெண் எங்கே போயிற்று என்று இப்போது தெரிகிறது.

சந்தேகம் வரவில்லையே தவிர, கேள்வி கேட்டேன். பாலைவனத்தில் எதற்கு இவ்வளவு தடித்த சட்டை என்றேன். ராத்திரியில் அங்கே பயங்கரமாகக் குளிரும் என்றார். கரடி எதற்கு என்றேன். கம்பெனி முத்திரை என்றார். இரண்டையும் மறுநாள் வகுப்பில் அறிவித்துவிட்டேன். பாத்திரம் துலக்கியபடி கேட்டுக்கொண்டிருந்த அம்மா மட்டும் அந்தச் சட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அழுக்கைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

எங்களுக்குத் திருமங்கலத்துக்கு மேற்கே மல்லிகைத் தோட்டம். வீட்டில் ஒரு பழைய ஜீப் இருந்தது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் ரகம். அப்பா ஏலத்தில் எடுத்தது. மலையும் காடும் ஏறப் பிறந்த அந்த வண்டி, எங்கள் வீட்டில் வாக்கப்பட்டதால், விடியலில் பூ மூட்டை ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய்வந்தது. தாண்டிய உச்சபட்ச உயரம் வேகத்தடை. போகிற வழியெல்லாம் மணக்கும். வண்டியை நிறுத்துகிற போலீஸ்காரர்கூட ஒரு மூச்சு இழுத்துக்கொண்ட பிறகுதான் லைசென்ஸ் கேட்பார்.

சித்தப்பா இனித் திரும்பிப் போவதில்லை என்றார். ஏன் என்று அப்பா கேட்கவில்லை. கேள்வி கேட்டால் பதிலையும் சுமக்க வேண்டும் என்று நினைக்கிற ஆள் அவர். பத்து நாள் தூங்கி எழுந்தபின் சித்தப்பா தன் திட்டத்தை அவிழ்த்தார். திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காடு இருக்கிறது. செக்கச்செவேலென்று மணல் குன்று குன்றாகக் கிடக்கும். காற்றடித்தால் மேடு இடம் மாறி உட்காரும். நம் ஜீப்பைப் பாலைவன வண்டியாக மாற்றி, மதுரைக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை அங்கே கூட்டிப்போய் மணல்மேட்டில் ஏற்றி இறக்கினால் பிழைப்பாயிற்று.

“மதுரைக்கு வர்றவன் எத்தன கோயிலுண்ணே பாப்பான்? ஒரு பாலைவனத்தக் காட்டுவோம்.”

அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். “ஒரே ஒரு மேடு. எங்க கண்ணு முன்னால ஏறி எறங்கிக் காட்டு. வண்டி ஒனக்கு. சிக்குச்சுன்னா பழையபடி பூ ஏத்து. அதுக்கப்புறம் பாலைவனப் பேச்சே இந்த வீட்டுல வரக்கூடாது.”

சித்தப்பாவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. கையில் வேறு தொழில் இல்லை. எனக்கும் அந்த மேட்டில் பங்கு இருந்தது. டிபன் பாக்ஸ் நிறைய பாலைவன மணல் கொண்டுவருவதாக வகுப்பில் நாற்பத்திரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஜீப் பசுமலைப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இரண்டு வாரம் கிடந்தது. பள்ளி விட்டதும் மேற்பார்வையிட நானும் பஸ் ஏறிப் போய்விடுவேன். அடியில் இருந்த வில்பட்டையை மாற்றி வண்டியை அரையடி தூக்கினார்கள். என் இடுப்பு உயரத்துக்கு, கட்டை கட்டையாகப் புடைத்த பட்டன் டயர் போட்டார்கள். முன்னால் கம்பிச் சுருள் இழுக்கும் விஞ்ச், தலையில் நான்கு விளக்கு, கூரைமேல் கேரியர், ஆற்றில் முங்கினாலும் எஞ்சின் மூச்சு விடுவதற்கு யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய். பூ மூட்டை வைக்கத் தோதாக இருந்த பின் பெஞ்சுகளைக் கழற்றிப் போட்டார்கள். ‘தேரியில ஏதுய்யா ஆறு’ என்று மெக்கானிக் கேட்டதற்கு, ‘எல்லாத்துக்கும் ரெடியா இருக்கணும் மாப்ள’ என்று சித்தப்பா சொன்ன தோரணையில் நானே அரபு நாட்டுக்குப் போய்வந்தவள்போல ஆனேன்.

அந்த இரண்டு வாரமும் பூ மூட்டையோடு ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போனது அம்மாதான். வண்டி வீட்டுக்கு வந்த அன்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். ஏணி வைத்துக் கேரியரில் ஏறி, பழைய வேட்டியை விரித்து, மோர்மிளகாய் காயப்போட்டாள். உலகத்திலேயே மோர்மிளகாய் காயவைத்த முதல் பாலைவன வண்டி எங்களுடையதாகத்தான் இருக்கும்.

இறங்கி வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “காத்து எம்புட்டு வைக்கப் போறீய தம்பி?”

“ஃபுல்லா மதினி! பெரிய டயர்ல்ல? கிண்ணுன்னு வச்சாத்தேன் மேட்டுல பிடிக்கும்.”

அம்மா “ம்” என்று ஏணியை மடக்கினாள். விஞ்ச், விளக்கு, தும்பிக்கை எல்லாம் இருக்க, போயும் போயும் காற்றைப் பற்றிக் கேட்கிறாளே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

அம்மா பிறந்து பன்னிரண்டு வயது வரைக்கும் வளர்ந்தது சாத்தான்குளத்துப் பக்கம், அதே தேரியின் ஓரத்தில். தாத்தா கருப்பட்டிக் கடை போட வந்துதான் திருமங்கலத்துக்காரி ஆனவள். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். இருந்தும் பயணம் பற்றி அவளிடம் நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அங்கே நல்ல ஓட்டல் இருக்கா? இல்லை என்றாள். புளிச்சோறு கட்டினாள்.

கிளம்பிய அன்று திருமங்கலம் பெட்ரோல் பங்க்கில் காற்று அடித்தோம். காற்றடிக்கிற அண்ணன் போதும் என்று எழுந்தபோது, இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னது நான். டயரைத் தட்டினால் தவில் மாதிரி கேட்க வேண்டும் என்பது என் கணக்கு. கேட்டது.

பக்கத்தில் இருக்கிற வத்திராயிருப்பு வரைகூடப் போயிராத அப்பா முன் சீட்டில். பெஞ்சு இல்லாததால் அம்மாவும் நானும் பின்னால் சாக்கின் மேல். காற்று கிண்ணென்று இருந்ததால் ரோட்டில் கிடந்த ஒவ்வொரு கல்லையும் எங்கள் முதுகெலும்பு எண்ணிக்கொண்டே போனது. தேரி ஓரத்தில் முருங்கைத் தோட்டம் வைத்திருந்த அம்மாவின் பெரியப்பா மகன், தன் நிலத்தை ஒட்டிய ஒரு மேட்டைக் காட்டிவிட்டு டீ வாங்கிவரப் போனார். இரண்டு பனை உயரம் இருக்கும். மிளகாய்ப்பொடியைக் கொட்டிக் குவித்ததுபோல மணல்.

மோர்மிளகாய் வாடையோடு ஜீப் பாய்ந்தது. கால்வாசி மேட்டில் நின்றது. சித்தப்பா மிதித்தார். சக்கரம் சுற்றச் சுற்ற வண்டி உயரே போகாமல் கீழே போனது. மேடு ஏறுவதற்கென்றே இருக்கும் குட்டி கியரைத் தள்ளி இன்னும் மிதித்தார். இடுப்பு உயர டயர் முக்கால்வாசி காணாமல் போனது. மண்வெட்டி எடுத்துத் தோண்டினோம். நாங்கள் ஒரு கூடை எடுத்தால் மணல் இரண்டு கூடை வந்து உட்கார்ந்தது.

“விஞ்ச் இருக்கே!” என்று ஞாபகப்படுத்தியவள் நான்தான். சித்தப்பா கம்பியை இழுத்துக்கொண்டு ஓடினார். பனைமரம் வரைக்கும் கம்பி எட்டவில்லை. எட்டிய ஒரே மரம் தோட்டத்து ஓர முருங்கை. முருங்கையை நம்பி ஏறக்கூடாது என்பது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். இழுக்கக்கூடாது என்று யாரும் சொல்லித் தரவில்லை. விஞ்ச் முனகியது. ஜீப் மரத்திடம் போகவில்லை. மரம் காயும் பூவுமாக வேரோடு ஜீப்பிடம் வந்தது.

அப்பா மேட்டடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெற்றிலைப் பையை இடுப்பில் செருகிக்கொண்டார். அவர் பேச்சை முடிக்கப் போகிறார் என்பதற்கு அதுதான் அடையாளம். சித்தப்பா கையில் கம்பியோடு மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் காது சிவந்திருந்ததை வெயில் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேட்டில் ஏறினாள். மணலில் நாங்கள் எல்லாரும் ஓரடி வைத்தால் அரையடி சறுக்கினோம். அவள் வீட்டுப் படி ஏறுகிற மாதிரி ஏறினாள். வளையலில் கோத்திருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றி, அப்பா காதில் விழும்படி சத்தமாகச் சொன்னாள்.

“பாத்தீயளா தம்பி, மணலுக்கு வந்ததும் காத்த எறக்கணும், ஊக்கு எடுத்து வைங்க மதினின்னு காலையிலேயே சொன்னீய. நாந்தான் மறந்தே போயிட்டேன்.”

நான் சும்மா இருப்பேனா? “இல்லம்மா! ஃபுல்லா வைக்கணும்னுதான சித்தப்பா சொன்னாரு! நான்கூட…”

வாக்கியம் முடியவில்லை. தொடையில் அம்மாவின் கிள்ளு விழுந்தது. “ஏட்டி, வாய வச்சுக்கிட்டு சும்மா கெட.”

அம்மா ஒரு சக்கரத்தின் அருகே குந்தி, காற்றடிக்கும் வாயில் ஊக்கின் முனையை வைத்து அழுத்தினாள். புஸ்ஸென்று பாதிக்காற்று போனது. டயர் லேசாக வயிறு தள்ளி மணலில் பரந்து உட்கார்ந்ததும் நிறுத்தினாள். பிறகு ஊக்கைச் சித்தப்பாவிடம் நீட்டினாள். அவர் உடனே வாங்கவில்லை. ஊக்கையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாங்கினார். மீதி மூன்றையும் அவரே இறக்கினார்; ஒவ்வொன்றையும் முடித்ததும் அம்மா முகத்தைப் பார்த்தார். கருப்பட்டி லாரிகள் காலங்காலமாக இப்படித்தான் தேரியைக் கடந்தனவாம். அதை அம்மா வெகுநாள் கழித்து வேறு ஏதோ பேச்சில் சொன்னாள்.

சக்கரத்தடி மணலை வாரிவிட்டு, வண்டியைக் கொஞ்சம் பின்னால் இறக்கி, சித்தப்பா மறுபடி எடுத்தார். இந்த முறை மிதிக்கவில்லை. பூ மூட்டை நசுங்காமல் ஓட்டுகிற மாதிரி ஓட்டினார். ஜீப் உச்சியில் போய் நின்று, ஒரு கணம் வானத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் இறங்கி மறைந்தது.

“கெட்டிக்காரந்தேன்,” என்றார் அப்பா. வெற்றிலைப் பையை மறுபடி வெளியே எடுத்தார். முருங்கைக்குப் பதிலாகப் பத்துக் கன்று வாங்கித் தருவதாக, டீயோடு வந்து சேர்ந்த மைத்துனரிடம் சொன்னார். மரம் போனாலும் காய் போகவில்லை. ஒரு மாதம் முருங்கைக்காய்ச் சாம்பார்தான்.

திரும்பும்போது சித்தப்பா அப்பாவிடம், “அண்ணே, மதினி முன்னால உக்காரட்டும்,” என்றார். அப்பா சாக்குக்கு வந்தார். கிள்ளு விழுந்த தொடையைத் தடவிக்கொண்டு நான் எனக்குள் ஒரு முடிவுக்கு வந்தேன்: அம்மாவுக்கு மறதி அதிகம், பொய்யும் சொல்கிறாள், உண்மை சொன்ன பிள்ளையை அடிக்கவும் செய்கிறாள். மணலை வகுப்புக்குக் கொண்டுபோனேன். கடலைமாவில் கலந்த மிளகாய்ப்பொடி என்று நாற்பத்திரண்டு பேரும் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள்.

சித்தப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் ஏற்றிக்கொண்டு தேரிக்குப் போக ஆரம்பித்தார். மற்ற நாளில் அதே வண்டியில் பூ. ஒவ்வொரு சனிக்கிழமையும் கொல்லைப்பக்கம் வந்து, “மதினி, எம்புட்டு?” என்பார். அம்மா பூக்கட்டுவதை நிறுத்தாமல், தேரியில் எப்படிக் காற்றடிக்கிறது, மழை விழுந்ததா என்று கேட்டு டயருக்கு ஒரு கணக்குச் சொல்வாள். பாலைவனத்தில் மூன்று வருடம் ஓட்டியவருக்கு இது ஞாபகம் நிற்கவில்லையே என்று நான் பரிதாபப்பட்டேன்.

அவர் அங்கே வண்டியே ஓட்டவில்லை என்பது நான் கல்லூரி போன பிறகுதான் தெரிந்தது. மூன்று வருடமும் அந்தக் கரடிச் சட்டையோடு ஒரு குளிர்கிடங்குக்குள் கோழிப்பெட்டி அடுக்கியிருக்கிறார். கம்பெனி பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பார்த்ததுதான் பாலைவனம்.

ஆனால் தேரியிலிருந்து வந்த மறுநாள் மத்தியானமே அம்மா அந்தத் தடித்த சட்டையைத் துவைத்துக் காயப்போட்டு எடுத்து, மடியில் விரித்து உட்கார்ந்திருந்தாள். அதே ஊக்கின் முனையால் நெஞ்சில் இருந்த பனிக்கரடியை நூல் நூலாகப் பிரித்தாள். முதலில் காது, அப்புறம் மூக்கு. சாப்பிட வந்த சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு, தட்டை எடுத்துத் தானே சோறு போட்டுக்கொண்டார். நான்தான் ஊரைக் கூட்டினேன். நல்ல கரடி, தடம்கூட இல்லாமல் பிய்க்கிறாளே என்று அழுதேன். முழுசாக வெட்டி எடுத்திருந்தால் என் ஸ்கூல் பையில் ஒட்டியிருக்கலாம் என்பதுதான் அன்றைக்கு என் ஒரே துக்கம்.