ஹெய்மோ பெட்ரோல் டாங்கைக் கழற்றிய வாரம்

என் வீட்டுக்காரர் ஹெய்மோ பால் கறக்கும் மிஷின்களைப் பழுது பார்க்கிறவர். எங்கள் ஆற்றோரப் பண்ணைகளில் மாடு உதைத்தால், "மாட்டு மேல தப்பில்ல, குழாயில காத்துப் புகுது" என்று தொழுவ வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவார். மற்றபடி அதிகம் பேசமாட்டார். ஜெபவீட்டில் கடைசிப் பெஞ்சில் உட்காருவார், பாட்டுக்கு மட்டும் வாய் திறப்பார். வருத்தம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் அவர் முகம் ஒரே மாதிரிதான் இருக்கும். அதுதான் எனக்குக் கஷ்டம்.

எங்கள் மகள் ரவ்னி சின்ன வயதிலேயே ஸ்வீடனுக்குக் கார் தொழிற்சாலை வேலைக்குப் போனாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே அவள் சபைக்குப் போவதில்லை என்று கேள்விப்பட்டபோதும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் வரும்போதெல்லாம் அப்பாவும் மகளும் மேசையில் உருளைக்கிழங்குப் பாத்திரத்தைக் கைமாற்றிக்கொள்வார்கள். அவ்வளவுதான் பேச்சு.

போன இலையுதிர் காலத்தில் அவள் ஒரு சிவப்புக் காரில் வந்து இறங்கினாள். இத்தாலியில் செய்த பழைய பந்தயக் கார் மாதிரி ஒன்று. கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். இரண்டு பேர்தான் உட்கார முடியும். பனியில் ரோட்டுக்குப் போடும் உப்பு அதை அரித்துவிடும் என்று எங்கள் கொட்டகையில் விட்டுவிட்டு ரயிலில் திரும்பிப் போனாள். வசந்தத்தில் போன் செய்தாள்.

"அம்மா, இந்த வருஷம் கோடைக் கூடுகைக்கு உன்ன நான் கூட்டிட்டுப் போறேன். என் கார்ல."

வெட்டவெளியில் பெரிய கூடாரம் போட்டு, நாடு முழுக்க இருந்து விசுவாசிகள் வரும் கூடுகை அது. ரவ்னி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே எவ்வளவோ வருஷமாகிவிட்டது. உட்கார்ந்து கேட்பேன் என்று அவள் சொல்லவில்லைதான். கொண்டுபோய் விடுகிறேன் என்று சொன்னாளே, அதுவே எனக்குப் போதும். அன்று முழங்காலில் நின்று ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

ஜூன் மாதம் வந்தாள். சாவியைத் திருகிய உடனே கார் கிளம்பியது. மில் பாலம் வரை பறந்தது. அங்கே இருமியது, திணறியது, நின்றது. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மறுபடி கிளம்பும், மறுபடி நிற்கும். கடைசியில் பக்கத்துப் பண்ணைக்காரர் ஓய்வா தன் டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்.

ரவ்னி கையுறையை மேசைமேல் எறிந்தாள். "வெள்ளிக்கிழமைக்குள்ள இது சரியாகலன்னா லாரியில ஏத்தி விட்டுட்டு நான் ரயிலேறிடுவேன்."

"பஸ் இருக்கே கண்ணு, சபை பஸ்."

"வழி முழுக்கப் பாட்டு. நடுநடுவுல எல்லாரும் திரும்பி என் மூஞ்சியப் பாப்பாங்க. நான் வரலம்மா."

ஓய்வா காபியில் கேக்கை நனைத்துக்கொண்டே, "பொறி குடுக்குற காயில் சூடாகுதும்மா. எழுதி வச்சுக்கோ, காயில்தான்" என்றார். அவர் வீட்டில் தண்ணி மோட்டார் நின்றாலும் காயில்தான் என்பார்.

ஹெய்மோ கோப்பையைக் கீழே வைத்தார். "நின்ன உடனே பெட்ரோல் மூடியத் தெறந்து பாத்தியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகளிடம்தான் கேட்கிறார்.

"பாத்தேம்ப்பா. உஸ்ஸுன்னு காத்து இழுக்கல, மூடியில அடைப்பு இல்ல. மூடியத் தளர்த்தி விட்டும் ஓட்டினேன். அப்பவும் நின்னுச்சு."

அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். மரை தேயாத நல்ல போல்ட் கையில் கிடைத்தால் அப்படித்தான் பார்ப்பார்.

மறுநாள் இருவரும் காரில் போனார்கள். ஓய்வாவும் நானும் காபி ஃப்ளாஸ்கோடு டிராக்டரில் பின்னாலேயே போனோம். பாலத்தருகில் கார் நின்றிருந்தது. ஹெய்மோ கார்புரேட்டர் மூடியைக் கழற்றிக் குனிந்திருந்தார்.

"பொறி நல்லா வருது. கிண்ணந்தான் காஞ்சு கெடக்கு."

"எந்தக் கிண்ணம்ப்பா?" என்றார் ஓய்வா.

"பெட்ரோல் தேங்குற கிண்ணம் மாமா. எஞ்சினுக்குச் சாப்பாடு வந்து சேரல. உங்க காயில் மேல பழி இல்ல, விடுங்க" என்றாள் ரவ்னி.

வீட்டு முற்றத்தில் வைத்து, பம்பிலிருந்து வரும் குழாயைக் கழற்றி ஒரு ஜாடியில் விட்டுப் பார்த்தார்கள். முதலில் கனமாகக் கொட்டியது. பிறகு மெலிந்தது. பிறகு சொட்டுச் சொட்டாக விழுந்தது. ஃபில்டர் சுத்தமாக இருந்தது.

"பம்ப் சோர்ந்துபோச்சுப்பா. புதுசு வாங்கணும்" என்றாள் ரவ்னி.

"சோர்ந்த பம்பு மொதல்லயே சோர்ந்துதான் ஊத்தும். இது நல்லாத்தான் ஆரம்பிக்குது" என்றார் அவர்.

டாங்குப் பக்கத்துக் குழாயில் சைக்கிள் பம்பை மாட்டிப் பின்னோக்கி அடித்தார். ரவ்னி டாங்கின்மேல் காதை வைத்துக் கொண்டாள்.

"கொடகொடங்குதுப்பா! ஏதோ விலகின மாதிரி இருக்கு."

மறுபடி பெட்ரோல் பம்பை ஓடவிட்டார்கள். பெட்ரோல் கனமாகக் கொட்டியது, பிறகு பழையபடி மெலிந்தது. ஹெய்மோ தலையாட்டினார். "உள்ள எதுவோ மெதக்குது. உறிஞ்சுனா குழாய் வாயில வந்து ஒட்டிக்குது. விட்டா எறங்கிடுது. அதான் வண்டி ஓய்வெடுத்தா ஓடுது."

டாங்கைக் கழற்றிப் பழைய பால் கேனில் கவிழ்த்தார்கள். தீய்ந்த பாலின் ஏடு மாதிரி பழுப்புச் செதில்கள் வந்து விழுந்தன. துருப்பிடிக்காமல் இருக்க டாங்கின் உட்புறம் யாரோ எப்போதோ பூசிய வார்னிஷ். அது ஏன் உரியவேண்டும்? ஹெய்மோ முகர்ந்து பார்த்தார். அடுக்களைக்கு வந்து என் பழச்சாறு பாட்டிலை எடுத்துப் போனார். பாதித் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு, மேலே அந்தப் பெட்ரோலை ஊற்றிக் குலுக்கி வைத்தார். தெளிந்தபோது தண்ணீர் கோட்டைத் தாண்டி மேலே நின்றது.

"நாம ஊத்தின தண்ணி எப்பிடிப்பா கூடும்?" என்றார் ஓய்வா.

"தண்ணி கூடல. பெட்ரோல்ல இருந்த ஸ்பிரிட்டு தண்ணியோட சேந்துக்கிச்சு. ரொம்ப இருக்கு. அதான் வார்னிஷக் கரைச்சு உரிச்சிருக்கு."

எங்கள் பக்கத்தில் குளிர்காலத்துக்கு முன் எல்லோரும் அவரவர் டாங்கில் ஒரு பாட்டில் ஸ்பிரிட், அதாவது எரிசாராயம், ஊற்றுவோம். உள்ளே தேங்கும் ஈரம் உறைந்து குழாயை அடைத்துவிடக் கூடாதே என்றுதான். ஹெய்மோ பாட்டிலையே பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார்.

"நான் ஒண்ணு ஊத்தினேன்."

"நான் ஊத்திட்டுத்தானேப்பா ஊருக்கே போனேன்!"

ஓய்வா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நவம்பர்ல ஏணி எடுக்க வந்தேன். பாவம், வெயில் நாட்டு வண்டி, நம்ம குளிர் அதுக்கு என்ன தெரியும்னு… நான் ரெண்டு ஊத்தினேன்."

ரவ்னிதான் முதலில் வெடித்துச் சிரித்தாள். "ஒரு சொட்டு மது நுழையாத வீட்டுல, என் கார் மட்டும் குளிர்காலம் பூராக் குடிச்சிட்டுக் கெடந்திருக்கு!"

ஹெய்மோவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரமானது.

சிரிப்பு அடங்கியதும், "ஒன்னக் கேக்காம ஊத்திட்டேன்" என்றார்.

"ஒரு கடுதாசி போட்டுக் கேட்டிருக்கலாம்ல."

"என்ன எழுதுறதுன்னு தெரியல."

ரவ்னி கந்தல் துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் துடைத்தாள். "ஸ்பிரிட்டப் பத்தி எழுதிருக்கலாம்ப்பா. அதுவே போதும் எனக்கு."

நான் காபி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். கண்ணைத் துடைக்க வேறு சாக்கு கிடைக்கவில்லை.

டாங்குக்குள் சோப்புத் தண்ணீரும் ஒரு பிடி இரும்பு நட்டும் போட்டு, சிமெண்டு கலவை மிஷினில் கயிற்றால் கட்டிச் சுற்றவிட்டார்கள். நாள் பூராவும் முற்றத்தில் கடகடவென்று ஒரே சத்தம். கோழிகள் வைக்கோலுக்குள் ஒளிந்துகொண்டன. பிறகு நன்றாக அலசிவிட்டு, கறவை மிஷினின் மோட்டார் வெளித்தள்ளும் காற்றை ரப்பர் குழாயில் விட்டு உலர்த்தினார் ஹெய்மோ. ஸ்பிரிட்டில் ஊறி மெத்துமெத்தென்று ஆகிவிட்ட பழைய குழாய்களுக்குப் பதிலாகப் புதியவற்றை ஓய்வா தானாகவே டவுனுக்குப் போய் வாங்கி வந்தார். கூடவே ஒரு காயிலும் வாங்கி வந்தார். "இருக்கட்டும், எதுக்கும் ஆகும்."

வியாழக்கிழமை அப்பாவும் மகளும் ஓட்டிப் பார்க்கப் போனார்கள். ஹெய்மோ முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார். நான் வாசலில் நின்று ஜெபித்தேன். பாலம் தாண்டித் திரும்பிவிட வேண்டிய நேரம் எப்போதோ கடந்துவிட்டது. டிராக்டரை எடுக்கச் சொல்லலாமா என்று யோசிக்கும்போது, எதிர்ப்பக்க ரோட்டிலிருந்து சிவப்பாக வந்தது. ஆற்றின் இரண்டு கரையையும் சுற்றிவிட்டு வந்திருக்கிறார்கள்.

"ஓடுது" என்றார் ஹெய்மோ. காற்றில் முடியெல்லாம் குத்திட்டு நின்றது.

வெள்ளிக்கிழமை அவர் சபை பஸ்ஸில் போனார். நான் முக்காடு பறக்க மகளோடு காரில் போனேன். மைதானத்தில் கார்களை நிறுத்தும் புல்வெளி வரை ஒலிபெருக்கியில் பிரசங்கம் தெளிவாகக் கேட்டது. கூடாரத்துக்குள் போகாமல் காரிலேயே இருந்து கேட்கிறவர்கள் எப்போதும் உண்டு.

"நீ போம்மா. நான் இங்கயே இருக்கேன்" என்றாள்.

நானும் போகவில்லை, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கூரையை மடக்கியிருந்ததால் மேலே வானம் மட்டும்தான். பாட்டு ஆரம்பித்தது. அவள் பாடவில்லை, ஆனால் எஞ்சின் சாவியையும் தொடவில்லை. பஸ் வந்து, ஹெய்மோ எங்களைத் தேடிப் பிடித்து, சால்மன் மீன் சூப் கிண்ணங்களோடு கதவருகே வந்து நின்றார்.

ரவ்னி கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கேட்டாள்: "சாயங்காலப் பிரசங்கம் எத்தன மணிக்குப்பா முடியும்?"

"ஒம்போது ஆகும்."

"அப்ப அதுக்கப்புறமே கெளம்பலாம்" என்று சொல்லிவிட்டு, சூப்பை ஊதத் தொடங்கினாள்.