பெரிய டீச்சருக்கு வந்த மாலை

ராயபுரத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் பெரிய டீச்சர் பத்து நிமிடம் செத்துப்போயிருந்தார். காரணம் நான்தான். எனக்கு அப்போது பத்து வயது.

முன்னொரு காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலில் கொண்டுபோகப்பட்டவர்களின் வம்சத்துப் பிள்ளைகள் பிரேசில், ஜமைக்கா என்று சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களையும் கானாவில் இருக்கும் பிள்ளைகளையும் கம்ப்யூட்டரில் ஒன்றாக உட்காரவைத்து, அவரவர் ஆட்டம் பாட்டத்தைக் காட்டச் சொல்லும் வகுப்பு ஒன்று சனிக்கிழமைகளில் நடந்தது. எங்கள் பள்ளியையும் விருந்தாளியாகச் சேர்த்திருந்தார்கள். அன்று மேளம் காட்டும் நாள். மிருதங்கம் வாசிக்க வருவதாகச் சொன்னவர் பேசின் பிரிட்ஜ் நெரிசலில் மாட்டிக்கொண்டார். திரையில் மூன்று நாட்டுப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். இங்கிலீஷ் டீச்சருக்கு வியர்த்துக் கொட்டியது. எங்கள் மாமாவிடம் மேளம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பதில் வருவதற்குள் ஓடினேன்.

மாமா அடிப்பது சாவு மேளம். அவரைத் தேடி ஆள் வந்தால் எங்கோ ஒரு உயிர் போயிருக்கிறது என்று பொருள்.

"இன்னாடி, மூச்சு வாங்க ஓடியாற. யாரு பூட்டாங்க?"

"யாரும் பூடல மாமா. பிரேசில்காரங்க கேக்குறாங்க."

"பொணம் அங்கேருந்து வருதா?"

கேட்டாரே தவிர, துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். பள்ளி முற்றத்தில் பழைய பேப்பரைக் கொளுத்தி மேளத்தோலைக் காய்ச்சினார். பிறகு அடித்தார்.

காய்ச்சலில் மூன்று நாள் லீவில் கிடந்த பெரிய டீச்சர், அன்றுதான் பின்வாசல் வழியாக வந்திருந்தார். தெருவுக்கு அது தெரியாது. பள்ளிக்குள் புகை, சாவு மேளம். வேறென்ன வேண்டும்? ஐந்தே நிமிடத்தில் வாசலில் கூட்டம். பூக்கார அக்கா ஆளுயர ரோஜா மாலையோடு, "எங்க புள்ளைங்கள கரையேத்துன மவராசி" என்று மாரில் அடித்துக்கொண்டு நுழைந்தாள்.

"யாருக்கும்மா மாலை?" என்றார் பெரிய டீச்சர்.

"ஒனக்குத்தான் டீச்சர்" என்று சொல்லி முடித்தபிறகுதான் அவளுக்கு உறைத்தது. மாலை கீழே விழுந்தது. பெரிய டீச்சர் சிரித்த சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டார். இங்கிலீஷ் டீச்சர் நாற்காலியில் சரிந்தார். கூட்டத்தில் ஒருவர் வாயையும் மூட முடியவில்லை.

திரையில் மட்டும் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். கானா பையன் ஒருவன் ஏதோ கேட்டான். இங்கிலீஷ் டீச்சர் மென்று விழுங்கி மொழிபெயர்த்தார். அவர்கள் ஊரிலும் செத்தவர்களுக்கு மேளம் அடித்து ஆடித்தான் வழியனுப்புவார்களாம். இன்றைக்கு யாருக்காக என்று கேட்கிறானாம்.

மாமா குச்சியைக் கீழே வைத்தார். "உசுரோட கீறவங்களுக்கு இன்னிக்குத்தான் அடிச்சேன்னு சொல்லு டீச்சர்."

வீட்டுக்குத் திரும்பும்போது மாமா தெருமுனையில் நின்றார். "ஒண்ணு கேட்டு சொல்றியா? அங்கல்லாம் இத்த அடிக்கிறவன கல்யாணத்துக்கும் அடிக்க கூப்புடுவாங்களா?"

சரி என்றேன். அடுத்த சனிக்கிழமை, மாமா சொன்னது மறந்துபோய், கானா பையனிடம் வீட்டில் நாய் வளர்க்கிறாயா என்று கேட்டேன்.

அடுத்த மாதம் என் அக்காவுக்குக் கல்யாணம். வண்ணாரப்பேட்டையிலிருந்து பேண்டு செட்டு வந்தது. தாய்மாமன் என்ற முறையில் மாலையை எடுத்துக் கொடுத்த கையோடு மாமா கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். விரல்கள் மட்டும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தன. பாட்டு அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்று நினைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்து கை தட்டினேன்.