"அன்பு நண்பரே" என்று தொடங்கிய மெயில்

எங்கள் பேக்கரியில் கேக்கின் மேல் பெயர் எழுதுகிறவரை எல்லோரும் எழுத்தக்கா என்றுதான் கூப்பிடுவோம். வாடிக்கையாளர்களுக்கும் அதுவே பழகிவிட்டது. க்ரீமில் எழுதியதை அழித்து எழுத முடியாது. அழித்தால் கேக்குக்குக் கன்னம் வீங்கின மாதிரி ஆகிவிடும். அதனால் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு, சீட்டில் எழுதிக் காட்டி, "இதானே?" என்று தலையாட்ட வைத்த பிறகுதான் அக்கா க்ரீம் பையைக் கையில் எடுப்பார். அவசரக்காரர் ஒருவர் ஒருமுறை, "உங்க இஷ்டத்துக்கு எழுதுங்க" என்றார். "பேரு என்னோடதில்லையே சார்" என்றார் அக்கா, சிரிக்காமல்.

நான் கல்லாவில் உட்காருகிறவன். மத்தியானக் கூட்டம் குறைந்ததும் டீ குடிக்கிற நேரம் எங்கள் இருவருக்கும் ஒன்று. அந்த நேரங்களில் அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதுதான் அவருடைய குடும்பக் கதை. சலவைக் கடைக்கு மேலே ஒரு சின்ன வீட்டில் அவரும் அப்பாவும் இருந்தார்கள். அப்பா படுக்கையில் விழுந்தபோது குளிப்பாட்டியது, ஊட்டியது, திருப்பிப் படுக்க வைத்தது எல்லாம் இவர்தான். தங்கை வேறு ஊரில், ஒரு ஆஸ்பத்திரி வரவேற்பில் வேலை பார்த்தாள். எப்போதாவது வருவாள், மறுநாளே கிளம்பிவிடுவாள். அப்பா இறந்த அன்று, உறவுக்காரர்கள் கூடியிருந்த அறையில், அக்கா அவளைப் பார்த்து, "நீ விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போனவதானே" என்று சொல்லிவிட்டார்.  காரியங்கள் முடிந்ததும் தங்கை பையை எடுத்துக்கொண்டு போனவள்தான். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் இரண்டு பக்கமும் ஒரு வார்த்தை இல்லை. கதை சொல்லும்போதெல்லாம் அந்த ஒரு வாக்கியம் வந்ததும் அக்கா நிறுத்திவிட்டு டம்ளரைக் கழுவ எழுந்து போய்விடுவார்.

ஒருநாள் டீ வேளையில் அவருடைய போன் மெல்ல ஒலித்தது. எடுத்துப் பார்த்தவர் முகம் மாறியது.

"என் தங்கச்சிகிட்டேருந்து மெயில்."

ஏப்ரனில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு திறந்தார். 'அன்பு நண்பரே, நமது குடும்பப் படங்களை உங்களுடன் பகிர்ந்துள்ளேன். இணைப்பு இன்று மட்டுமே திறக்கும்' என்று இருந்தது. தொட்டதும் ஒரு பக்கம் வந்து, மெயில் பாஸ்வேர்டைக் கேட்டது.

"அப்பா படமா இருக்கும். அவர் நல்லா நடமாடினப்ப எடுத்ததெல்லாம் அவ கேமராவுலதான் இருக்கு" என்றார். கட்டைவிரல் எழுத்துகளுக்கு மேலே போனது. பிறகு அப்படியே நின்றது.

"நண்பரேன்னு போட்டிருக்கா."

"அதனால என்னக்கா?"

"அவ என்னை வாத்துன்னுதான் கூப்பிடுவா. சின்ன வயசுல என் நடை அப்படி. சண்டை போட்டாக்கூட 'போ வாத்து'ன்னுதான் சொல்லுவா. கோவம்னா பேசாம இருப்பாளே தவிர, நண்பரேன்னு எழுத மாட்டா."

மறுபடி போனைக் கண்ணருகே கொண்டுபோனார். வாடிக்கையாளர் சீட்டைப் பார்ப்பது போலவே, பக்கத்தின் மேலே இருந்த முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்தார். மெயில் கம்பெனியின் பெயரில் ஒரு எழுத்து கூடுதலாக இருந்தது. போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"பாஸ்வேர்டு போட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"தப்பிச்சீங்க. மோசடின்னு புகார் பண்றதுக்கு அதுலயே ஒரு பட்டன் இருக்கு. சும்மா அழிச்சா உங்களுக்கு மட்டும்தான் நிம்மதி. புகார் பண்ணா, மத்தவங்களுக்கும் போகாம கம்பெனிக்காரங்க தடுக்கப் பார்ப்பாங்க."

அக்கா புகார் செய்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"அப்ப இது அவ அனுப்பல."

"இல்லக்கா. அவங்க கணக்கை யாரோ பிடிச்சிட்டாங்க. அதுல யார் யார் அட்ரஸ் இருக்கோ எல்லாருக்கும் போயிருக்கும்."

அக்கா டீ டம்ளரைத் தள்ளி வைத்தார். "எல்லாருக்கும்னா... என் அட்ரஸை அவ இன்னும் வச்சிருக்கா" என்றார்.

போனை மறுபடி கையில் எடுத்தார்.

"அவளுக்கு இது தெரியுமா?"

"தெரியாம இருக்கலாம். பதில் மெயில் போடாதீங்க, திருடன்தான் படிப்பான். போன்லதான் சொல்லணும்."

"நீங்க பேசுறீங்களா?"

"நான் பேசலாம். ஆனா ஊர் பேர் தெரியாத ஒருத்தன் போன் பண்ணி, உங்க கணக்கு போச்சுன்னா, என்னையே மோசடிக்காரன்னு நெனப்பாங்க."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் எண்ணை அழுத்தி, நானும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். மறுமுனையில் வெகுநேரம் மணி அடித்தது.

"ஹலோ?"

"நான்தான்."

"அக்கா? என்னாச்சு? உடம்புக்கு ஏதாவதா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. உன் பேர்ல எனக்கு ஒரு மெயில் வந்துச்சு. உன் கணக்கை யாரோ பிடிச்சிருக்காங்க."

 தங்கை குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"காலையில ஒண்ணு வந்துச்சுக்கா. கணக்கை மூடப்போறோம், உடனே உறுதிப்படுத்துங்கன்னு. கவுண்டர்ல அவ்வளவு கூட்டம். சரியா பார்க்காம பாஸ்வேர்டைப் போட்டுட்டேன். இப்ப உள்ளயே போக முடியல. யார்கிட்டயும் சொல்லல. நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கிறவ, சொன்னா சிரிப்பாங்க."

"யாரும் சிரிக்கல. நானும் பாஸ்வேர்டு போடப் போயிட்டேன்."

"நீயா? எல்லாத்தையும் எழுத்து எழுத்தா பார்ப்பியே."

"நீ அனுப்பினதுன்னு நெனச்சேன்டி."

 செய்ய வேண்டியதை யாராவது சொல்ல வேண்டும் என்பதால் நான் காகிதத்தில் எழுதி எழுதிக் காட்டினேன். அக்கா ஒவ்வொன்றாக வாசித்தார். நல்லவேளை, கணக்கோடு சேர்த்திருந்த போன் எண்ணைத் திருடன் மாற்றியிருக்கவில்லை. மெயில் கம்பெனியின் சொந்தப் பக்கத்துக்குப் போய், கணக்கை மீட்கக் கேட்டதும் தங்கையின் போனுக்கு ஒரு ரகசிய எண் வந்தது.

"அதை யார்கிட்டயும் சொல்லாத. என்கிட்டயும் சொல்லாத" என்றார் அக்கா.

புதுப் பாஸ்வேர்டு போட்டாயிற்று. வேறு எங்கெல்லாம் அந்தக் கணக்கு திறந்திருந்ததோ அங்கிருந்தெல்லாம் வெளியேற்றியாயிற்று. வருகிற மெயில் எல்லாம் தெரியாத ஒரு முகவரிக்கும் போகும்படி திருடன் செய்து வைத்திருந்ததையும் தங்கையே கண்டுபிடித்து நீக்கினாள். வங்கிக்குச் சொல்லிவிடு, போலீசில் இணையக் குற்றப் பிரிவுக்கும் புகார் கொடு என்றார் அக்கா. எல்லாம் முடிந்ததும் தங்கை, "அக்கா, வச்சிடாத" என்றாள்.

"வைக்கல."

"அப்பா படுத்திருந்தப்ப எனக்கு லீவு தரலக்கா. கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். உன்கிட்ட சொல்ல வாய் வரல. நீ ராத்திரி பகலா கஷ்டப்படுற, நான் போய் லீவு கதை சொல்றதான்னு."

அக்கா ஏப்ரன் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். "அத்தனை பேர் முன்னாடி அப்படிச் சொன்னது தப்பு. சொன்ன அன்னைக்கே தெரியும். கூப்பிட்டுச் சொல்லத்தான் தைரியம் வரல."

நான் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் கல்லாவுக்குப் போனேன். ஒரு குழந்தையின் பிறந்தநாள் கேக்கை வாங்க வந்தவரிடம், "எழுதுறவங்க கொஞ்சம் வேலையா இருக்காங்க, ஒரு பிஸ்கட் சாப்பிடுங்க" என்று உட்கார வைத்தேன்.

திருடன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அந்த மெயில் யார் யாருக்குப் போயிருக்குமோ அவர்களையெல்லாம் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, அக்காவும் தங்கையும் போனில் எச்சரித்தார்கள். அவர்களுடைய தாய்மாமா மட்டும் அதற்குள் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார். அவரைத் திட்டாமல், பதறாமல், இருவரும் சேர்ந்து அவர் கணக்கையும் மீட்டுக் கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் தங்கை லீவு போட்டுவிட்டு வந்தாள். அக்காவின் மூக்கு அவளுக்கும் அப்படியே இருந்ததால் யாரென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருவரும் பின்பக்க மேஜையில் டீயை ஆறவிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மாமா. புதுப் பாஸ்வேர்டு மறந்திருக்கும்.

"நீ பேசு" என்று அக்கா போனைத் தங்கை பக்கம் தள்ளினார்.

"நீதான் மூத்தவ, நீ பேசு" என்று அவள் திருப்பித் தள்ளினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.