ஓட்டைக்குச் சொந்தக்காரி

கடையக்காவின் தாத்தா ஒரு காட்டையே குத்தகைக்கு எடுத்தவர் என்று குடும்பத்தில் சொல்லிக்கொள்வார்கள். காடும் இல்லை, குத்தகையும் இல்லை. இடிக்கிற வீடுகளுக்கு முன்னால் போய் நின்று, ஜன்னலையும் நிலையையும் உத்தரத்தையும் அடிமாட்டு விலைக்கு வாங்கி, அதே தெருவில் வீடு கட்டுகிறவர் தலையில் "அந்தக் காலத்து மரம்" என்று கட்டியவர் அவர். கடையில் மாட்டியிருக்கும் படத்தில், ஒரு பெரிய மரத்தடியின் மேல் ஒரு காலை வைத்து, புலியைச் சுட்டுவிட்டு வந்தவர் மாதிரி நிற்கிறார். அந்தத் தடி வேறொருவருடையது. படம் எடுத்து முடித்ததும் தடிக்காரர் அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாம் தலைமுறை அப்பா. தன்னிடம் பலகை வாங்கிய தச்சர்கள் ஆணி வாங்க எதிர்க்கடைக்குப் போவதை அவரால் பொறுக்க முடியவில்லை. எதிர்க்கடைக்காரருக்குத் தொப்பை போடப்போட இவருக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில்தான் கடைக்குள் ஆணி வந்தது. ஆணிக்குப் பின்னால் திருகாணி, கீல், நாதாங்கி, குழாய், வாளி, பெயிண்ட் என்று வரிசையாக வந்து, மரத்தைப் பின்கட்டுக்குத் துரத்திவிட்டன. வந்த எதையும் அப்பா அடுக்கி வைக்கவில்லை. எல்லாம் சாக்கு மூட்டையில் கிடந்தது. முக்கால் அங்குலத் திருகாணி கேட்டால் நாலு மூட்டையில் கையை விட்டுத் துழாவி, விரலில் ரத்தம் வந்ததும் "நாளைக்கு வாங்க" என்பார்.

அவருக்கு மூன்று பிள்ளைகள். மேலே அண்ணன், கீழே தம்பி, நடுவில் இவள். கடைக்கு வருகிறவர்களெல்லாம் இவளைக் கடையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடிபோன பிறகும், தினமும் காலையில் அவள் வந்து நின்றால்தான் கடைக்குக் கடை என்ற களை வரும்.

இருபத்திரண்டு வயதில், விடாமல் மழை பெய்த ஒரு வாரத்தில், வியாபாரம் இல்லாத நேரம் பார்த்து அவள் மூட்டைகளை அவிழ்த்தாள். நடுப்பாதைக்கு இடது பக்கம் இருபத்து நான்கு தட்டு, வலது பக்கம் இருபத்து நான்கு தட்டு. இடது பக்கத்துக்கு ஒற்றைப்படை எண், வலது பக்கத்துக்கு இரட்டைப்படை. ஒன்றாம் தட்டில் போல்ட், நேர் எதிரே இரண்டாம் தட்டில் நட்டு. மூன்றில் கீல், நான்கில் அதற்கான திருகாணி. ஐந்தில் சுத்தியல், ஆறில் ஆணி. ஏழில் நாதாங்கி, எட்டில் பூட்டு. நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினால் ஜோடி ஜோடியாகக் கைக்கு வரும். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஊரில் எத்தனையோ பேருக்கு வாய்க்காத மூளை அது. வீட்டில் ஒருத்தரும் அதைக் கண்டுகொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

அப்பா போன பிறகு அவர் எழுதி வைத்த தாளைப் படித்தார்கள். கடை "என் இரண்டு மகன்களுக்கும்" என்று இருந்தது. அதை எழுத உட்கார்ந்தபோது அவருக்குப் பேனாவைத் தேடி எடுத்துக் கொடுத்தது அவள்தான். தாளைப் படித்த அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. இந்தக் கடையில் அவளுக்கென்று இருப்பது ஒரு முக்காலி. அதிலும் யாராவது எழுந்திரு என்றால் எழுந்திருக்க வேண்டியதுதான். அந்த நினைப்பு முள்ளாகத் தைத்து உள்ளேயே இருந்தது.

அண்ணனும் தம்பியும் ஒரு மின்விசிறிக்காகப் பிரிந்தார்கள். சொத்துக்காகப் பிரிந்தார்கள் என்று வெளியில் சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும் என்று அப்படிச் சொல்லிக்கொண்டார்கள். கடையில் இருந்தது ஒரே மின்விசிறி. அது அண்ணன் நாற்காலிக்கு நேர் மேலே சுற்றியது. ஒரு நாள் அண்ணன் சாப்பிடப் போன சமயம் தம்பி ஆள் வைத்து அதை இரண்டடி தன் பக்கம் தள்ளி மாட்டிவிட்டான். வந்து உட்கார்ந்த அண்ணன் வியர்த்தார். ஒரு மணி நேரம் வியர்த்த பிறகு அண்ணாந்து பார்த்தார். அதற்கப்புறம் பேசிய பேச்சில் பாதியை எழுத முடியாது. மூன்று தலைமுறையாக மரம் விற்றதில் மரத்தின் குணம் மண்டைக்குள்ளும் ஏறிவிட்டது என்று கடையக்காவின் வீட்டுக்காரர் சொன்னார். அவர் அதிகம் பேசாதவர். பேசினால் இப்படித்தான்.

பாகம் பிரித்து வைக்கச் சித்தப்பா வந்தார். வேலை பார்த்த காலம் முழுவதும் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர். உலகத்தில் எதையும் இருக்கை எண்ணாகத்தான் பார்ப்பார். தட்டுகளில் எண் எழுதியிருப்பதைக் கண்டதும் அவருக்கு முகம் மலர்ந்தது.

"எதுக்குச் சண்டை? ஒத்தப்படை பெரியவனுக்கு, ரெட்டப்படை சின்னவனுக்கு. நடுவுல சுவர்."

எவ்வளவு நியாயம். போல்ட் அண்ணனுக்கு, நட்டு தம்பிக்கு. சுத்தியல் அண்ணனுக்கு, ஆணி தம்பிக்கு. மின்விசிறியை யாருக்கும் இல்லாமல் சரியாக நடுக்கோட்டுக்கு மேலே மாட்டினார்கள். அது சுற்ற வேண்டுமே என்று, பலகைச் சுவரைக் கூரைவரை எழுப்பாமல் ஏழடியோடு நிறுத்தச் சொன்னார்கள். சித்தப்பா தன் பாகப்பிரிவினையை நினைத்து நினைத்துப் பூரித்துப்போய் ஊருக்குக் கிளம்பினார். முக்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே, அவள் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று அவர் யோசிக்கவே இல்லை.

சுவர் அடிக்கத் தச்சர் வந்தார். பின்பக்கத்திலிருந்து பலகை பலகையாக அடித்துக்கொண்டு வந்து, மத்தியானம் முக்காலிக்குப் பக்கத்தில் நின்றார்.

"அக்கா, கொஞ்சம் எழுந்திருங்க."

"எழுந்து எங்க போறது?"

தச்சர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"எனக்கு எந்தப் பக்கம்னு அவங்களைக் கேட்டுட்டு வாங்க. சொன்னா எழுந்திருக்கிறேன்."

அண்ணன் "அவன் பக்கம் போகட்டும்" என்றார். தம்பி "அவர் பக்கம் போகட்டும்" என்றான். இருவரும் இதைச் சுவருக்கு மேலே பார்த்துக் கத்தினார்கள். அவள் காதில் நன்றாகவே விழுந்தது. வலித்தது. முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட இடமில்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடப்பிறந்தவன். அவள் இன்னும் அழுத்தி உட்கார்ந்தாள்.

தச்சர் சாப்பிட்டுவிட்டு வந்தும் அவள் அசையவில்லை. அவர் பின்கட்டுக்குப் போய், எந்தப் பங்கிலும் சேராமல் மூலையில் சாய்ந்து கிடந்த ஒரு பழைய வாசல் நிலையைத் தூக்கி வந்தார். ஒரு பக்கம் லேசாகக் கோணல், யாரும் வாங்காத நிலை. அதை அவளைச் சுற்றி நிறுத்தி, சுவரை அதோடு முடித்தார். அவளுடைய இடது கால் அண்ணன் கடையில் இருந்தது, வலது கால் தம்பி கடையில் இருந்தது.

அவள் வீட்டுக்குப் போனதும் நிலைக்குள் இருந்த ஓட்டையை அடைத்துவிடலாம் என்று இரண்டு பேரும் தனித்தனியாகத் திட்டம் போட்டார்கள். அடைக்க ஆணி வேண்டும், அது தம்பியிடம். சுத்தியல் வேண்டும், அது அண்ணனிடம். கேட்டு வாங்க இரண்டு பேருக்கும் ரோஷம் விடவில்லை. தச்சரைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"ரெண்டு பேரும் சொல்லித்தான் கட்டினேன். ரெண்டு பேரும் சேர்ந்து வந்து சொல்லுங்க, அடைக்கிறேன்."

சேர்ந்து வந்து சொல்லப் பத்தொன்பது வருடம் ஆனது.

முதல் வாரமே இரண்டு கடையும் திண்டாடின. குழாய் வேலைக்காரர் அண்ணனிடம் போல்ட் வாங்கி, தெருவில் இறங்கிச் சுற்றி வந்து தம்பியிடம் நட்டு வாங்கினார். போட்டுப் பார்த்தால் சேரவில்லை. திரும்ப வந்து இரண்டு பேரையும் பெற்றவர்களைச் சேர்த்து வைத்துத் திட்டினார். கதவு போட வந்தவர் கீலைக் கையில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றார். எட்டாவது நாள் அவர்கள் எல்லாம் தாங்களாகவே ஓட்டைக்கு முன்னால் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். கடையக்கா இடது கையை நீட்டி ஒன்றை எடுத்தாள், வலது கையை நீட்டி ஒன்றை எடுத்தாள், ஒன்றில் ஒன்றைப் போட்டுத் திருகிக் காட்டிக் கொடுத்தாள்.

அப்படியே பத்தொன்பது வருடம். அண்ணன் தம்பிக்குச் சொல்ல வேண்டியதும், தம்பி அண்ணனுக்குச் சொல்ல வேண்டியதும் அவள் வழியாகத்தான் போனது. "அந்த ஆளுகிட்ட சொல்லு" என்று வந்ததை அவள் "அண்ணே" என்று மாற்றி அனுப்புவாள். "அறிவு இருக்கான்னு கேளு" என்று வந்ததை வழியிலேயே விழுங்கிவிடுவாள். சண்டைக்குக் காரணமான காற்று முழுவதும் அவள் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அட்டையால் விசிறிக்கொண்டார்கள். சொல்வதற்கென்ன, அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். எழுந்திரு என்று சொல்ல அந்தக் கடையில் ஆள் இல்லை.

அப்புறம் இரண்டு பேருக்கும் முழங்கால் வலி வந்தது. ஒரே எலும்பு டாக்டர், ஒரே நாள், ஒரே நேரம். காத்திருக்கும் அறையில் பெஞ்சின் இந்த முனையில் அண்ணன், அந்த முனையில் தம்பி. அங்கேயும் ஒரே மின்விசிறி. அரை மணி நேரம் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு, அண்ணன் நகர்ந்து இடம் விட்டார்.

"இங்க வந்து உக்காரு. காத்து இங்கதான் வருது."

அவ்வளவுதான். இரண்டு கிழங்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுததில் டாக்டரே வெளியே வந்து பார்த்தார்.

மறுநாள் இரண்டு பேரும் ஒன்றாகக் கடைக்குள் நுழைந்தார்கள். சுவரை எடுக்கப்போகிறோம், பழையபடி ஒரே கடை, பத்திரம்கூட எழுதி வாங்கியாயிற்று என்றார்கள். கடையக்காவுக்குக் கண் கலங்கியது. அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ள வேண்டும் என்று அவளைப்போல ஆசைப்பட்டவர் யாருமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்ட கையோடு பத்திரத்தை வாங்கிப் பார்த்தாள். பங்குதாரர்கள் இரண்டு பேர் என்று இருந்தது.

"இதுல என் இடம் எங்க அண்ணே?"

"உனக்கு எதுக்கும்மா தனியா இடம்? கடை முழுக்க உன்னோடதுதானே."

தம்பியும் தலையாட்டினான். "ஆமாக்கா. உன்னை யாராவது போகச் சொன்னாங்களா?"

கடை முழுக்க உன்னோடது. அப்பாவும் இதே வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் பேனா கேட்டார். அவள் பத்திரத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

தச்சரை வரவழைத்தார்கள். அவருக்கும் வயதாகிவிட்டது. சுவரைத் தட்டிப் பார்த்தார், தன் வேலை இன்னும் கெட்டியாக இருப்பதில் ஒரு திருப்தி. அண்ணனும் தம்பியும் அவர் முன்னால் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள்.

"பாத்தீங்களா, சேர்ந்து வந்து சொல்றோம். எடுங்க."

தச்சர் உளியை எடுக்கவில்லை. முக்காலியைப் பார்த்தார்.

"அக்கா இன்னும் சொல்லலையே. பத்தொன்பது வருஷமா இந்தச் சுவத்துல பாதி இவங்கதான். மூணு பேரும் சொல்லணும்."

"என்னப்பா இது" என்றார் அண்ணன்.

"நான் அன்னைக்கும் இதைத்தான் சொன்னேன். இன்னைக்கு ஆள் கணக்குல ஒண்ணு கூடியிருக்கு."

இருவரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அந்தக் கடையில் அவளிடம் ஒரு விஷயத்துக்குச் சம்மதம் கேட்டு யாரும் நின்றதில்லை. அவள் முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்.

"ரெண்டுன்னு எழுதியிருக்கிறதை மூணுன்னு மாத்தி எழுதிட்டு வாங்க. சொல்றேன்."

அண்ணன் முறைத்தார். தம்பி முனகினான். ஒன்பது நாள் பிடிவாதமாக இருந்து பார்த்தார்கள். அந்த ஒன்பது நாளும் பாசம் பொங்க, சுவருக்கு மேலே கத்திக் கத்தித்தான் பேசிக்கொள்ள வேண்டியிருந்தது. வேறு ஆளை வைத்துச் சுவரை உடைத்துவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். உடைத்த பிறகு அவள் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டால், நாற்பத்தெட்டுத் தட்டில் எது எங்கே என்று இரண்டு பேருக்குமே தெரியாது. பத்தாம் நாள் புதுப் பத்திரத்தோடு வந்தார்கள். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். பேனாவை இந்த முறை அண்ணன்தான் தேடி எடுத்துக் கொடுத்தார்.

கையெழுத்துப் போட்டுவிட்டு, "எடுங்க" என்றாள்.

பலகைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. சாயங்காலம் அவளைச் சுற்றியிருந்த அந்தக் கோணல் நிலை மட்டும் மிச்சம் நின்றது.

"இதையும் எடுத்துடவா அக்கா?"

"சுவர் அவங்களோடது. ஓட்டை என்னோடது. அதைத் தொடாதீங்க."

தச்சர் நிலையின் அடியில் நான்கு பக்கமும் முட்டுக் கொடுத்து அசையாமல் நிறுத்தினார். இன்றைக்கும் புதிதாக வருகிறவர்கள், நடுக்கடையில் சுவரில்லாமல் நிற்கும் நிலையையும் அதற்குள் உட்கார்ந்திருக்கும் அம்மாளையும் பார்த்துத் திகைப்பார்கள்.

சுவரை எடுத்த மறுநாள் அண்ணனும் தம்பியும் தங்கள் நாற்காலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் வியர்த்த பிறகு, இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு ஒன்றாக எழுந்து முக்காலிக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

"ஏம்மா, அந்த மின்விசிறியை மட்டும் கொஞ்சம் எங்க பக்கம் தள்ளி மாட்டலாம்னு பாக்கறோம். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் சொல்றோம்."

கடையக்கா இடது கையை நீட்டி ஒரு போல்ட்டை எடுத்தாள், வலது கையை நீட்டி ஒரு நட்டை எடுத்தாள், நிதானமாகத் திருகினாள்.

"மூணு பேரும் சொல்லணும்ணே" என்றாள்.