இரும்பு ராஜாவுக்கு வேர்த்த ஞாயிறு

அருள்பிரகாசத்துக்கு நாகம் பறப்பதில் எந்த ஆட்சேபமும் கிடையாது. யானை அளவு உடம்பு, வெற்றிலை அளவு சிறகு, வாயில் நெருப்பு. இது எப்படி மேலே எழும்பும் என்று கேட்டால், "கற்பனை நைனா, கற்பனை!" என்று கையை விரிப்பான். ஆனால் அந்த நாகத்தோடு மோதப் போகிறவன் இரும்புக் கவசம் போட்டிருந்தால் தீர்ந்தது. தகடு என்ன கனம், எத்தனை கிலோ, வேர்வை எந்த வழியாக இறங்கும்? அங்கே கற்பனைக்கு அனுமதி இல்லை.

நானும் அவனும் ராயபுரத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். நான் ஹாம்பர்க் வந்துவிட்டேன். அவன் திருவொற்றியூர்ப் பக்கம், துருப்பிடித்த கண்டெய்னர்களை வெட்டி ஒட்டும் யார்டு ஒன்றில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மீன் குழம்பும் முடிந்த பிறகு, அவன் வீட்டு மாடியில் கேரம் போர்டைச் சுற்றி ஒரு ராஜ்ஜியம் கூடும். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம். வாள் பட்டதா தவறியதா என்பதை இருபது முகப் பகடை ஒன்று சொல்லும். கல்யாணமாகி, கடன் வாங்கி, சர்க்கரை மாத்திரையும் போட ஆரம்பித்துவிட்டவர்கள் ஆடும் ஆட்டம் இது.

கதை சொல்லும் நாற்காலி அருளுடையது. கைப்பிடி வைத்த ஒரே நாற்காலியும் அதுதான். முன்னால் பழைய காலண்டர் அட்டைகளை ஒட்டிச் செய்த ஒரு மறைப்பு. அதன் பின்னால் அவன் உருட்டும் பகடை கடவுளுக்கும் அவனுக்கும் மட்டுமே தெரியும். எதிரே அவன் தங்கை ஃப்ளோரா, அவள் கணவன் வில்சன், நெட்டுக்குப்பத்துப் படகுக்காரன் உதயா. நான் ஊறுகாய் பாட்டிலில் சாய்த்து வைத்த செல்போனுக்குள். நான் ஆடுவது ஒரு திருடன். எந்தக் கோட்டைக்குள் நுழைந்தாலும் வெளியே வரும் வழியை முதலில் கேட்டுக்கொள்வான். வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து விசா பற்றிய உறை இன்று வருமா என்று வாசலிலேயே ஒரு காதை வைத்திருக்கிறவன் வேறு எப்படி ஆடுவான்?

ஃப்ளோரா ஆடுவது தளபதி சலேத். தலை முதல் கால் வரை இரும்பு. நாலு வருஷமாக அந்தக் கவசத்தைத் துண்டு துண்டாகச் சேர்த்து, முழங்கால் தகட்டுக்காக ஒரு பூதத்தின் குகை வரை போய் வந்தவள். சொந்தக் கல்யாண நகையைக்கூட அவள் இவ்வளவு விசாரித்து வாங்கவில்லை என்பது வில்சனின் வாக்குமூலம்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, போன வருஷம் பெரிய வெள்ளி வரும் வரை.

கோயில் சிலுவைப்பாதையில் ரோமானிய நூற்றுவர் தலைவன் வேடம் வருஷா வருஷம் வில்சனுக்கு. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை, ஆறடி உயரம், மிரட்டும் மீசை. பழைய அட்டைக் கவசத்தை எலி தின்றுவிட்டது. "நான் செஞ்சி தரேன் ஃபாதர், ஒரிஜினலா" என்று அருள் முன்வந்தான். கவசம் என்றால் தகடு. தகடு என்றால் அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். யார்டில் வெட்டிப்போட்ட கண்டெய்னர் சுவரை வளைத்து, வெல்டு வைத்து, மொத்தக் கனத்தையும் லாரிச் சரக்கு இறுக்கும் பட்டையால் வில்சனின் இரண்டு தோளில் மாட்டிவிட்டான். மார்பில் நெளிநெளியாக வரி. முதுகில் பழைய பெட்டியின் அதிகபட்ச எடை பற்றிய எச்சரிக்கை, பாதி அழிந்த நிலையில். ரோமாபுரி இப்படியொரு வீரனைப் பார்த்திருக்காது.

பாதையில் நின்று ஜெபிக்கும் பதினான்கு ஸ்தலங்களில் மூன்றாவதில், ஆண்டவர் வேடக்காரர் முதல்முறை கீழே விழ வேண்டும். விழுந்தார். கூடவே, எந்த வேதத்திலும் எழுதப்படாதபடி, நூற்றுவர் தலைவனும் விழுந்தான். ஆண்டவர் எழுந்துவிட்டார். வில்சன் எழவில்லை. சிலுவையைத் தூக்க ஐந்தாம் ஸ்தலத்தில் வர வேண்டிய சீமோன் முன்கூட்டியே ஓடி வந்து, சிலுவையை விட்டுவிட்டு ரோமானியனைத் தூக்கினான். ஆண்டவரும் ஒரு கை கொடுத்தார். "எம்மாம் எரக்கம் பாரேன்" என்று கூட்டத்தில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதாகக் கேள்வி.

வேறு யாராவது என்றால் கவசம் தப்பு என்று நினைத்திருப்பார்கள். அருளுக்கோ ஞானம் பிறந்தது. அடுத்த ஞாயிறே வேர்வைச் சட்டத்தை அறிவித்தான். ஆளாளுக்கு ஒருமுறை ஆயுதம் வீசி முடித்தால் ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் கவசம் போட்டவர் பகடை உருட்ட வேண்டும். பத்துக்குக் கீழே விழுந்தால் ஒரு தளர்ச்சி. மூன்று தளர்ச்சி சேர்ந்தால் ஆள் தரையில்; யாராவது வந்து தண்ணீர் கொடுக்காவிட்டால் சாவு.

"மெய்யாலுமே பாத்துட்டம்ல? மச்சான் எத்தினி நிமிசம் நின்னான்?" என்றான் அருள்.

"என்னிய சாட்சிக்கு இஸ்காத மச்சான். தோளு இன்னும் வலிச்சிகினு கீது" என்றான் வில்சன்.

நான் இங்கே அருங்காட்சியகத்தில் நிஜக் கவசத்தைப் பார்த்திருந்தேன். மெல்லிய தகடு, கைக்கு உண்டான கனம் கையில், காலுக்கு உண்டானது காலில். போட்டுக்கொண்டு குதிரை ஏறலாம் என்று எழுதியே வைத்திருந்தார்கள். சொன்னேன்.

"அந்தூர்ல ஐஸ்ல நின்னுகினு சண்ட போட்டானுங்கோ. இங்க கல்மண்டபத்தாண்ட மத்தியானம் வந்து நிக்கச் சொல்லு, அப்பால பேசுவோம்" என்றான் அருள்.

"டேய், நம்ம கதையே பனிமலையிலதான நடக்குது?"

"மலன்னா வெயிலு அடிக்காதா?"

ஐரோப்பாவின் ஐந்நூறு வருஷ உலோகக் கலை ஊறுகாய் பாட்டிலோடு சாய்ந்து போயிற்று.

சட்டம் வேலை செய்தது. கணவாயில் குள்ளப் பேய்கள் நாலு வந்தன. ஒன்றுகூட சலேத்தைத் தொடவில்லை. அவளாகவே உட்கார்ந்தாள், அவளாகவே சாய்ந்தாள். உதயாவின் அம்புதான் அவளைக் காப்பாற்றியது. உதயாவின் மாலுமி ஆரம்பத்திலிருந்தே லுங்கிதான். "கடலுக்குப் போறவன் இரும்பு போடுவானா? வுய்ந்தா நேரா கடலடிதான்" என்பது அவன் கொள்கை. கவசத்தைக் கழற்றினாலும் தப்ப முடியாது. வெறும் உடம்பில் வாள் பட்டால் ஒரே வெட்டில் ஆள் காலி என்று இன்னொரு யதார்த்தம் ஏற்கெனவே அமலில் இருந்தது. போட்டால் வேர்த்துச் சாவு, போடாவிட்டால் வெட்டுப்பட்டுச் சாவு. இதற்குப் பெயர் சமநிலை என்றான் அருள்.

ஃப்ளோரா குழம்புச் சட்டியைக் கழுவி வைத்துவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னாள்.

"அண்ணே, அடுத்த வாரம் இரும்பு ராஜா சண்ட. அதுல சலேத்து வெட்டுப்பட்டு செத்தா நான் வாயத் தொறக்க மாட்டேன். வேர்த்து செத்தா, அந்த நாற்காலில நான் குந்துவேன். நீ இங்க வந்து ஆடு மேய்க்கிறவனா ஆடணும்."

"ஆடு மேய்க்கிறவனா?"

"ஒரு ஆடு. அதுவும் நொண்டி."

அருள் சிரித்தான். காது மட்டும் சிவந்தது. அந்த நாற்காலி போனால் அவனுக்கு என்ன மிச்சம்? யார்டில் முதலாளி சொல்வதைக் கேட்பான், வீட்டில் எல்லோரும் சொல்வதைக் கேட்பான். அவன் சொல்லி உலகம் நடப்பது ஞாயிறு மதியம் மட்டும்தான்.

இரும்பு ராஜாவோ அவனுடைய நாலு வருஷக் கனவு. கதையின் முதல் நாளே பெயர் சொல்லி, எரித்த ஊர்களை மட்டும் காட்டி, ஆளைக் காட்டாமல் வளர்த்த வில்லன். வெல்டிங் ராடு துண்டுகளையும் நட்டுகளையும் ஒட்டி அவனுக்கு ஒரு பொம்மை செய்திருந்தான். அந்த ஞாயிறு அதைக் கேரம் போர்டின் நடுவே வைத்துவிட்டு, இரண்டு மூன்று முறை திருப்பித் திருப்பி வைத்ததை ஹாம்பர்க்கிலிருந்தே பார்க்க முடிந்தது.

"கருப்பு இரும்பு. உச்சந்தலைலேர்ந்து உள்ளங்கால் வரிக்கும். மூஞ்சி தெரியாது. எந்த வாளும் உள்ள போவாது" என்று தாழ்ந்த குரலில் ஆரம்பித்தான். "ராஜா சிம்மாசனத்த வுட்டு எய்ந்து வரார். இன்னா பண்றீங்கோ?"

என் திருடன் தூணுக்குப் பின்னால் போனான். அதைச் சொல்லவே தேவையில்லை.

"சலேத்து கவசத்த கயட்டுறா" என்றாள் ஃப்ளோரா.

அருள் நிமிர்ந்தான். "பைத்தியமா? ஒரே வெட்டு, காலி."

"பட்டாத்தான? கயட்டிட்டு ஓடுறா. சிம்மாசனத்த சுத்தி."

ஒரு சுற்று ஓடினாள். ராஜா துரத்தினார். இரண்டாவது சுற்றிலும் எட்டவில்லை. நட்டு பொம்மை கேரம் போர்டில் வட்டமடித்தது. உதயா வேர்க்கடலை உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டான்:

"அண்ணாத்த, ஒரு டவுட்டு. ராஜாவும் இரும்புதான போட்னு கீறாரு? அவருக்கு வேர்க்காதா?"

அருளின் கை தானாக அட்டை மறைப்புக்குப் பின்னால் போனது. ஃப்ளோரா எட்டி, அட்டையை மடக்கிப் படுக்க வைத்தாள்.

"வெளிய உருட்டு அண்ணே. எல்லாரும் பாக்கட்டும்."

வில்சனுக்கே மனசு கேட்கவில்லை. "மச்சான், மந்திரக் கவசம்னு சொல்லிடு. வேர்க்காதுன்னு சொல்லு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

ஒரு வார்த்தை போதும். ராஜா பிழைப்பார், கிட்டே வருவார், வெட்டுவார். நாற்காலிக்கும் ஆபத்தில்லை, வெட்டுப்பட்ட சாவு பந்தயத்தில் சேராது. நாகத்துக்கு அனுமதித்த கற்பனையை ராஜாவுக்கும் கொஞ்சம் ஊற்றினால் என்ன குறைந்துவிடும்? அருள் பொம்மையைப் பார்த்தான், பகடையைப் பார்த்தான்.

"அப்போ சலேத்துக்கு மட்டும் ஏன் வேர்த்துச்சின்னு கேப்பா" என்று முனகினான். பிறகு சத்தமாக, "சட்டம்னா ராஜாவுக்கும் சேத்துதான்" என்று உருட்டினான்.

ஏழு. அடுத்த சுற்றில் பதினாறு; ராஜா வாளை ஓங்கினார், சலேத்தின் பின்னல் நுனி போயிற்று. ஃப்ளோரா நிஜமாகவே தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அடுத்தது நான்கு. "ஓடு ஃப்ளோரா, ஓடு!" என்று வில்சன் கேரம் போர்டைத் தட்டினான். நான் ஊறுகாய் பாட்டிலிலிருந்து கத்தினேன். என் திருடன் தூணை விட்டு வெளியே வந்துவிட்டதாகவும் சொன்னேன், யாரும் கவனிக்கவில்லை. கடைசியாக விழுந்தது இரண்டு.

அருள் பொம்மையை ஒரே விரலால் மெதுவாகச் சாய்த்தான். ஏழு ஊரை எரித்த இரும்பு ராஜா, ஒரு கீறல்கூடப் படாமல், சொந்தச் சிம்மாசனத்தடியில் வேர்த்து விழுந்து இறந்தார்.

"மோர் குடுத்திருந்தா பொயச்சிருப்பாரு" என்றான் உதயா.

யாரும் சிரிக்கவில்லை. அருள் நாற்காலியை விட்டு எழுந்தான். "குந்து" என்றான் தங்கையிடம்.

"எதுக்கு? சலேத்துதான் சாவலியே. பந்தயப்படி நாற்காலி உன்னுதுதான்." கவிழ்ந்து கிடந்த பொம்மையை எடுத்து அவன் பக்கம் நிமிர்த்தி வைத்தாள். "மறைக்காம உருட்டுன பாரு. அதுக்கோசரம் நானே உக்கார வெச்சிருப்பேன். ஆனா அந்தச் சட்டத்த தூக்கு. நாலு வருசம் காத்துகினு இருந்தேன் இவன வெட்ட. இப்போ யார வெட்டுறது?"

"நான் மட்டும் காத்துகினு இல்லியா?" என்றான் அருள். அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

வேர்வைச் சட்டம் அன்றே ரத்தானது. இந்த வருஷம் பெரிய வெள்ளிக்கு, வண்ணாரப்பேட்டைக் கடை ஒன்றிலிருந்து ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வாங்கி வெள்ளிப் பெயின்ட் அடித்து அருள் கவசம் செய்தான். வில்சன் பறக்கிற மாதிரி நடந்தான். கடைசி ஸ்தலத்துக்குக் கொஞ்சம் முன்னால் கோடை மழை பிடித்துக்கொண்டது. நூற்றுவர் தலைவன் கல்லறை வாசலுக்கு வந்து சேர்ந்தபோது பனியனோடு நின்றான்.

அடுத்த ஞாயிறு புதுச் சட்டம் வந்துவிட்டது: கதையில் மழை பெய்தால் கவசம் போட்டவர் பகடை உருட்ட வேண்டும். சலேத் இப்போது வாளோடு ஒரு குடையும் வைத்திருக்கிறாள். குடை எத்தனை கிலோ என்று அருள் விசாரித்துக்கொண்டிருக்கிறான்.