மூன்று குடம் நல்ல தண்ணீர்

ரஹீமா ராத்தா மவுத்தாகிவிட்டார் என்று அவர் பிறகு குடிபோன மூதூரிலிருந்து சாவுத் தந்தி வந்தபோது நான் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். சவர்க்கார நுரை கையோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். துறைமுக வேலையாட்களின் வரிசை வீடுகளில் இருந்தவர்களுக்கு எங்கள் பக்கத்து வீட்டு ராத்தாவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

தண்ணீர் விஷயத்தில் அவர் மகா கஞ்சம். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவ தேநீர் கொதிக்கவைக்கும் ஒரு சின்னக் கேத்தில் அளவு தண்ணீர் போதும். மீன் கழுவுவது கிணற்று உவர்நீரில். அரிசி களைந்த தண்ணீரில் கோப்பை கழுவி, அதையும் வாழைக்கு ஊற்றுவார். “ராத்தா, வேர்வையையும் பிழிஞ்சு வையுங்கோவன்” என்று பகிடி பண்ணுவோம். “சிரிங்க புள்ள. சிரிக்கிறதுக்குத் தண்ணி செலவில்லதானே” என்பார்.

வெள்ளைக்காரக் கடற்படை போன அடுத்த வருடம் சீனன்குடாவில் எனக்குத் தட்டெழுத்து வேலை கிடைத்தது. திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. அந்த நேரம் பார்த்து எனக்கு அம்மாள் வருத்தம், உடம்பெல்லாம் அம்மை. கொப்புளங்கள் வாடிவிட்டன. ஆனால் தலைக்குத் தண்ணீர் வார்க்காமல் படி தாண்ட விடமாட்டேன் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றார். வார்க்கத் தண்ணீருக்கு எங்கே போவது? கடும் கோடை. குழாயில் காலையில் ஒரு மணி நேரம் நூல்போல் வருவது எங்கள் ஆறு பேருக்குக் குடிக்கவே காணாது. உவர்நீர் பட்டால் புண் எரியும். ஞாயிறு மத்தியானம் வரை அம்மாவோடு சண்டை பிடித்துவிட்டு, பிறகு அழுதேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டிருக்கிறது. ராத்தா இடுப்பில் குடத்தோடு வந்தார். வைத்துவிட்டுப் போய் இன்னொன்று கொண்டுவந்தார். பிறகும் ஒன்று. பெருநாள் விருந்தாளிகளுக்கென்று தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்துச் சாடியில் மிச்சம் பிடித்த நல்ல தண்ணீர் அது.

“பெருநாளுக்கு என்ன செய்வியள்?” என்று அம்மா பதறினார்.

“இன்னும் அஞ்சு நாள் கிடக்கு. நான் சேத்துப்போடுவன்.” பிறகு தயங்கினார். “என்ட வீட்டுத் தண்ணி ஒங்கட அம்மாளுக்கு ஆகுமா?”

“அம்மாள்தான் உங்களை அனுப்பினவ” என்று சொல்லி, அம்மா வேப்பிலையையும் மஞ்சளையும் அந்தக் குடத்துக்குள்ளேயே போட்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போய்க் கையெழுத்து வைத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டிலும் அரிசி களைந்த தண்ணீரில்தான் கோப்பை கழுவல். பெருநாள் காலையில் அம்மா அப்படி மிச்சம் பிடித்த ஒரு குடம் நல்ல தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ராத்தா வீட்டுக்குப் போனபோது, வரிசையே வாசலுக்கு வந்து பார்த்தது. ராத்தா கைகொட்டிச் சிரித்தார்: “பாத்தீங்களா, ஒங்கட குசினிக்குள்ளயும் ஒரு கிணறு இருந்திரிக்கி!”

இருபத்து மூன்று வருடமாக அதே வேலையில் இருக்கிறேன். என் பிள்ளைகள் படித்தது அந்தச் சம்பளத்தில். அது ராத்தா எனக்குத் தந்தது.

மூதூருக்கு லோஞ்சுப் படகில் போய், அழுதுவிட்டு வந்தேன். சாவீட்டுக்குப் போய் வந்தால் முழுகவேண்டும் என்பது எங்கள் வழக்கம். முழுகினேன், ஒரே வாளித் தண்ணீரில். ஆனால் ராத்தாவைத் தலைமுழுக என்னால் ஏலாது.